இடப்பக்கத்துப் பிரேக்

என் வலது கால் நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. மலேசியாவில், கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த முப்பது வருடமும் நான் உட்கார்ந்தது இடப்பக்கத்து சீட்டில். அங்கே எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்தது. வேலை கிடைத்த கையோடு வந்த பெண்கள், லோரி ஓட்டும் கனவோடு வந்த போர்ட் கிள்ளான் ஆட்கள், பென்ஷன் வாங்கிய பிறகு ஆசைப்பட்ட அங்கிள்கள். பின்சீட்டில் வாசத்துக்குப் போட்ட பாண்டான் இலை, வானொலியில் பழைய பாட்டு, மாணவர் யாராவது கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், பக்கத்தில் வேர்த்துக் கொட்டும் ஒரு முகம்.

சர்க்கரை கண்ணைப் பிடித்தது. இனி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். நான் வீட்டில் எல்லாரையும் முறைத்துக்கொண்டு கிடந்த மூன்று மாதமும் என் மனைவி வாரம் இரண்டு நாள் கோயில் பஜனைக்குப் போய் வந்தாள். ஒரு நாள் போனை நீட்டினாள். அதில் அவள் பெயரில் லைசன்ஸ். ஐம்பத்தெட்டு வயதில், முதல் தடவையிலேயே பாஸ். பஜனை நடந்தது டிரைவிங் ஸ்கூலில். சொல்லிக்கொடுத்தது எங்கள் மகள் வயதில் ஒரு மலாய்ப் பெண்.

என்னிடம் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்ததுதான். கல்யாணமான மூன்றாம் வருடம் அவளுக்கு நான் ஐந்தே வகுப்பு எடுத்தேன். சிம்பாங் லீமா ரவுண்டபௌட்டில் பிரேக்கை மிதித்து நான் போட்ட சத்தத்தில், அவள் கதவைத் திறந்து இறங்கி, ஹாரன்களுக்கு நடுவே பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள். அந்த நடையை நடித்துக் காட்டியே எத்தனையோ சாப்பாட்டு மேசைகளில் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

இப்போது மாதாமாதம் பிரிக்பீல்ட்ஸ் கண் கிளினிக்குக்கு அவள்தான் ஓட்டுகிறாள். இடப்பக்கத்தில் நான். அங்கே பிரேக் கிடையாது என்பது என் காலுக்குத் தெரியவில்லை. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தாலே டொம்மென்று தரையை மிதிக்கும். இரண்டாவது மாதம், ஷா ஆலம் தாண்டியதும் காரை ஓரங்கட்டினாள்.

"இன்னொரு தடவ அந்தக் கால் மிதிச்சுச்சுன்னா, சாவிய உங்க கையில குடுத்துட்டு ரயில் ஏறிப் போயிருவேன். அப்புறம் ஸ்டியரிங்கத் தொடவே மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவ எறங்கினவதான் நான்."

சொன்னால் செய்கிறவள். கிளினிக்குக்குப் போக எனக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. ஆனால் சாவியை எடுக்கும்போது அவளிடம் ஒரு மிடுக்கு வந்திருக்கிறது. அதை இரண்டாவது தடவையும் நானே கெடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

பக்கத்துத் தெருவில் சீனர்களின் தாவோ கோயில் ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ளும் சீன நண்பரும் நானும் காலையில் சேர்ந்து கோப்பி குடிப்போம், மலாயில் பேசிக்கொள்வோம். அவரிடம் புலம்பினேன். "உன் பக்கம் பிரேக் இல்லை, மிதித்தாலும் கார் நிற்காது, பிறகு எதற்கு மிதிக்கிறாய்?" என்றார். அவர்கள் வழியில் கற்றதை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பதுதான் பெரிய படிப்பாம். தானாக ஓடுகிறதைப் பிடித்துத் தள்ளாமல் சும்மா இருப்பதும் ஒரு வேலைதானாம். "லெப்பாஸ் லா," என்று கையை விரித்தார். விட்டுவிடு, அவ்வளவுதான். லைசன்ஸே எடுக்காத மனுஷன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு காலுக்கு மறக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

போன மாதம் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு, அதற்கு மேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். பந்தியில் இலைக்குக் காத்திருக்கிறவன் மாதிரி இருந்தேன். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

சுபாங் பக்கத்தில் ஒரு லோரி சிக்னல் போடாமல் எங்கள் முன்னால் நுழைந்தது. என் தொடை இறுகியது. மிதிக்கத் தரை இல்லை. வாய்வரை வந்த சத்தத்தை விழுங்கினேன். அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, பிரேக்கை மெதுவாக அழுத்தி லோரிக்கு இடம் விட்டாள். நானாக இருந்தால் வெடுக்கென்று மிதித்திருப்பேன். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த வேன் எங்கள் மேல் ஏறியிருக்கும். இத்தனை நாள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவள் ஓட்டுவதைப் பார்த்ததில்லை. நன்றாக ஓட்டினாள். பெருமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கிளினிக் வாசலில், "நல்லாத்தான் ஓட்டுற," என்றேன். அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். குரலில் கோபம் இல்லை.

"அன்னிக்கே இப்படி உக்காந்திருந்தீங்கன்னா, எங்கம்மா பந்திங் ஊர்ல படுத்துக் கெடந்தப்ப நானே ஓட்டிட்டுப் போயி கடைசியா ஒரு தடவ பாத்திருப்பேன். அதுக்குத்தான பழகணும்னு கேட்டேன்."

கார் பழக வந்த ஒவ்வொருவரிடமும் எஞ்சினைக் கிளப்புமுன் நான் கேட்ட முதல் கேள்வி, எதற்காகப் பழகுகிறீர்கள் என்பதுதான். என் பெண்டாட்டிதானே என்று, அவளிடம் மட்டும் அதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன்.