என் பந்துவீச்சு, அவன் முகம்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி நடத்தும் மாமாவின் மகன், பெரிய டிவியில் கிரிக்கெட் கேம் விளையாடுவான். நிஜ மைதானத்தில் அவன் ஒரு விக்கெட்கூட எடுத்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கு வேகப்பந்து வீசியவன் நான். தோள்பட்டை போனதும் எல்லாம் நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கேமில் புதிதாக ஒரு பந்துவீச்சாளரை உருவாக்கியிருந்தான். முகம் அவனுடையது. ஓடிவந்து கையைச் சுழற்றிய விதம் என்னுடையது.

"ஒன் பழைய வீடியோவப் பாத்துப் பாத்து வச்சேன் மாப்ள. வேர்வை, மூச்சு வாங்குறது, அம்புட்டும் நெசம்."

"தோளு வலிக்குமாலே அவனுக்கு?"

"வலிக்கும். ரெண்டு மேட்ச் ரெஸ்ட் குடுத்தா சரியாயிரும்."

நான் மூன்று வருடமாக ரெஸ்டில்தான் இருக்கிறேன்.

அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது. "ஒன்னைய மாதிரியே இருக்கா? கொறை இருந்தா சொல்லு, மாத்திருவோம்."

ஒரு குறை இருந்தது. பந்தை விடும் முன் கடைசி அடியை நான் சற்றுத் தாமதித்து வைப்பேன். மட்டையாளர்கள் அதில்தான் ஏமாந்தார்கள். திரையில் ஓடியவனிடம் அது இல்லை.

"அப்படியே இருக்குலே," என்றேன். அந்த ஓர் அடியாவது என்னிடமே கிடக்கட்டும்.