தண்ணிக் கட்சி எலிகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிறவருக்கு எலியப்பா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. ஏதோ பட்டம் வாங்கியவர்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார்.

மூலிகைச் சாறு மூளையின் ரசாயனத்தை மாற்றிப் பயத்தைக் குறைக்குமா என்று, அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண் மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். பாதி எலிகளுக்குத் தினமும் சாறு, மீதிக்கு வெறும் தண்ணீர். பிறகு ஒவ்வொன்றையும் உயரமான பலகையில் விடுவாள். பலகையின் ஒரு பாதிக்குச் சுவர் உண்டு, மறு பாதிக்குக் கிடையாது. பயந்த எலி சுவரோரம் பதுங்கும், துணிந்தது வெளியே வரும்.

கணக்குப் போட்டுப் பார்த்த அன்று அவள் முகம் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது. இரண்டு கூட்டமுமே வெளியே வந்து வீரநடை போட்டிருந்தன.

"சாறு குடிச்சதும் தண்ணி குடிச்சதும் ஒண்ணாண்ணே? மூணு வருஷமும் போச்சே!"

எலியப்பா கழுவிக்கொண்டிருந்த கூண்டைக் கீழே வைத்தார். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் உழைப்பு போகும். மெல்ல அவள் மேஜையருகே வந்தார்.

"மேடம், தண்ணிக் கட்சிய பார்த்தா பாவமா இருந்துச்சு. அதான்..."

"ஐயய்யோ, அதுங்களுக்கும் சாறு ஊத்திட்டீங்களா?"

"சேச்சே! மருந்துல கை வைப்பேனா? சும்மா தூக்கி வச்சுக் கொஞ்சினேன். தினமும். அதுங்கள மட்டும்."

அவர் இரண்டு பெண்களைப் பெற்றவர். ஒருத்திக்கு ரிப்பன் வாங்கி மற்றவளை விட்டால் வீடு இரண்டுபடும். ஓரவஞ்சனை அவருக்கு ஆகவே ஆகாது.

ஆராய்ச்சிப் பெண் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கொஞ்சினாலும் எலிக்குப் பயம் தெளியும் என்று அவளுக்குத் தெரியும். இந்த மனுஷருக்குத்தான் தெரியாது.

"வேலைய விட்டுத் தூக்கிடாதீங்க மேடம்."

"உங்களத் தூக்கல. புது எலிங்கள வச்சு மறுபடி ஆரம்பிப்போம். ஆனா இனிமே தூக்கினா எல்லாத்தையும் தூக்கணும். இல்லன்னா எதையுமே தூக்கக் கூடாது."

எலியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரை தொடாத சாற்றுக் கட்சி எலி ஒன்றை அப்போதே ஆசையாக அள்ளினார். அது அவர் கட்டைவிரலை நறுக்கென்று கடித்துத் தொங்கியது.

"மேடம், மருந்து வேலை செய்யுது!" என்று அலறினார். "இதுக்கு பயமே இல்ல!"