பால் வண்டிக்கு இரண்டு கோட்

ஐம்பத்து நாலு வயதில், ஒரு பொம்மை வண்டியைப் பார்த்து எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. சென்ற குளிர்காலத்தில், தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

பழைய உலோகப் பொம்மை வண்டிகள் சேர்ப்பது என் பைத்தியம். உள்ளங்கையில் அடங்கும் பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும். தில்லியில் ஹாரன் சத்தம் இல்லாத ஒரே சாலை அதுதான். அதில் ஓர் இடம் மட்டும் காலி. க்ரீம் நிறப் பால் வண்டி ஒன்றுக்காகப் பதினோரு வருடங்களாக ஒதுக்கி வைத்த பார்க்கிங்.

ஒரு ஞாயிறு காலை மேல்மாடி நண்பர் வந்தார். திருநெல்வேலிக்காரர், தில்லிக்கு வந்து முப்பது வருடமாகியும் பேச்சில் 'வே' போகவில்லை. ஸ்வெட்டர் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே பால் வண்டி! பழைய பேப்பர் எடுக்க வந்த கபாடிவாலாவின் சாக்கில் கிடந்ததாம். ஓரங்களில் பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும், தொழிற்சாலையில் அடித்த அசல் பெயிண்ட். எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு அதுதான் உயிர். பின்கதவுகூடத் திறந்தது.

"என்னவே, இது தேறுமா?" என்றார்.

சந்தை சந்தையாக அலைந்தவன் நான். பேப்பர் போட்ட இடத்தில் கிடைத்தது இவருக்கு. வயிற்றில் அடுப்பு மூட்டியது போலிருந்தது. மட்டம் தட்டினால் இங்கேயே போட்டுவிட்டுப் போவார் என்று தோன்றியது.

"பெயிண்டெல்லாம் போச்சே சார். இதை யார் வச்சுப்பாங்க? சுத்த கபாடி, காயலான் கடைச் சரக்கு."

அவர் முகம் சுருங்கியது. வண்டியைப் பையில் போட்டுக்கொண்டு, டீயைக்கூட முடிக்காமல் போய்விட்டார். அடுத்த பத்து நாட்களும் லிஃப்டுக்குக் காத்திருந்தபோதெல்லாம், பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பதினோராம் நாள் மலர்ந்த முகத்தோடு வந்தார். "கண்ண மூடும்வே" என்று கையில் எதையோ வைத்தார். திறந்து பார்த்தால், பளபளக்கும் மெட்டாலிக் நீலத்தில் பால் வண்டி. பின்கதவு பெயிண்டோடு சேர்ந்து நிரந்தரமாக மூடிக்கொண்டிருந்தது.

"மார்க்கெட்ல ஸ்கூட்டருக்கு டென்டிங் பெயிண்டிங் பண்ணுதான்லா ஒரு இந்திக்காரப் பையா, அவன்ட்ட சொல்லி ரெண்டு கோட்டு அடிச்சேன். அன்னைக்கே உமக்குக் கொடுக்கத்தான்வே கொண்டாந்தேன். நீரு பெயிண்ட் போச்சுன்னீரு. கபாடியவா உமக்குக் கொடுப்பேன்?"

"அச்சா இருக்கு சார்" என்றேன்.

பெயிண்ட் அடித்தது மார்க்கெட் பையாவாக இருக்கலாம். கலர் கலந்தது என் வயிற்றெரிச்சல். காலியாக இருந்த இடத்தில் அந்த நீலம்தான் இன்று நிற்கிறது. யாராவது ஒரு பொருளைக் காட்டி "எப்படி?" என்று கேட்டால், முதலில் அதுதான் கண்முன் வருகிறது.

போன வாரம் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தனையில இது ஒண்ணுதான் பார்க்க நல்லா இருக்கு. மத்ததையும் அந்த பையாகிட்டயே கொடுத்துடலாமே?"