ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்த வைரம்

டியூட்டிக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி, ஊக்கில் கோத்து, சட்டைப் பையின் உள்பக்கம் குத்திக்கொள்வது நர்ஸுகளின் வழக்கம். ஓயாமல் கையைத் தேய்த்துக் கழுவுகிற வேலையில் விரலில் எதுவும் இருக்கக் கூடாது. என் நிச்சயதார்த்த மோதிரமும் அப்படித்தான் பைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நோயாளியின் கட்டிலில் பக்கவாட்டுக் கம்பியைத் தூக்கி மாட்டும்போது அது நழுவி என் மார்பில் இடித்தது. வலி ஒன்றும் பெரிதில்லை. மாலையில் ஹாஸ்டலுக்கு வந்து மோதிரத்தைப் போட்டுக்கொண்டபோதுதான் வைரத்தின் ஓரத்தில் ஒரு துளி பெயர்ந்திருப்பது தெரிந்தது. வைரத்துக்கு எதுவும் ஆகாது என்று நம்பியிருந்தவள் நான்.

அந்தக் கல்லைக் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தவர் எனக்கு மாமியாராகப் போகிறவர். அத்தை என்று கூப்பிடுவேன். மாயவரத்துக்காரர். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து, கோல் மார்க்கெட் அரசாங்கக் குடியிருப்பில் ஒரே மகனை வளர்த்து, மாமா ஓய்வு பெற்றதும் ஜனக்புரியில் குடியேறியவர். காய்கறி வண்டிக்காரரிடம் அவர் பேசும் இந்தியில் பாதி தமிழ், மீதி அதட்டல். ராகுகாலத்தில் வாசற்படி தாண்டமாட்டார். பல்லி கத்தினால் எந்தத் திசை என்று நின்று கேட்பார். நானோ நாகர்கோவில் பக்கம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாவிட்டால் சோறு இறங்காத குடும்பம். என்னைக் கட்டிக்கொள்ளப் போவதாக மகன் சொன்ன நாளிலிருந்து ஒரு மாதம் அத்தை அவரோடு பேசவில்லையாம். பிறகு சம்மதித்தார் என்பதைவிட, மறுப்பதை நிறுத்திக்கொண்டார் என்பதுதான் சரி. நிச்சயதார்த்தத்தன்று எங்கள் போதகர் ஜெபம் சொல்லி முடித்ததும், அத்தை தன் பங்குக்கு வெற்றிலை பாக்குத் தட்டை என் அம்மாவிடம் நீட்டினார். முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று உற்று உற்றுப் பார்த்தேன். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு மனதில் வைத்துக்கொண்டு திரிய வராது. மறுநாளே ஜனக்புரிக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் போதாத காலம், அன்று பார்த்து மாமாவின் அக்கா கல்யாண ஜவுளி எடுப்பதற்காகச் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மாமாவே அவர் முன்னால் கால்மேல் கால் போடமாட்டார். நான் பெரியம்மா என்று கூப்பிடும் அவர், மோதிரத்தைத் தொடக்கூட இல்லை.

"மூளி வைரம் குடும்பத்துக்கு ஆகாது. தாலி ஏறுறதுக்கு முன்னாடியே இப்படின்னா இது வேண்டாம்னுதான் அர்த்தம். நாமதான் புரிஞ்சுக்கணும்" என்றார்.

மாமா தரையைப் பார்த்தார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் அத்தை கையமர்த்தினார்.

"கல்லுலதானேக்கா குத்தம்? மாத்திடுவோம். புதுக் கல்லை முறைப்படி ஒரு வாரம் வீட்ல வெச்சுப் பாப்போம். இந்த வீட்ல யாருக்காவது ஒரு கெடுதல் வந்தாலும் கல்யாணப் பேச்சை விட்டுடலாம்."

"அப்புறம் வார்த்தை மாறக் கூடாது."

"மாறமாட்டேன்."

வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். ஆனால் ஒரு வாரத்தில் ஒன்றுமே நடக்காத வீடு எங்கே இருக்கிறது? இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்பதற்காகவே அத்தை இப்படி ஒரு நிபந்தனை போட்டுவிட்டார் என்று ஹாஸ்டலுக்குத் திரும்பும் மெட்ரோவில் நினைத்து நினைத்துக் குமைந்தேன்.

கரோல்பாக்கில் நகைக்கடைக்காரருக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. "வைரம் என்ன பாலா பெஹன்ஜி, வீட்டில் வைத்துத் திரிகிறதா என்று பார்க்க?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. மோதிரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு, வெள்ளைத் தாளில் மடித்த கல்லை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றிலிருந்து அது அவர் தலையணைக்கு அடியில் இருந்தது.

அந்த வாரம் முழுக்க என் வருங்காலக் கணவர் போனில் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் பெரியம்மா எழுந்து வந்து பார்க்கிறார். மாமா தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். ஒரு நாள் குழாயில் தண்ணீர் நின்றுபோக, "டெல்லியில தண்ணி வராததெல்லாம் கெடுதல்ல சேராதுக்கா" என்று அத்தை வழக்காடினாராம். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. உயிரில்லாத ஒரு கல்லுக்காக முழங்காலில் நின்று ஜெபித்தேன். கர்த்தருக்கே வேடிக்கையாக இருந்திருக்கும்.

வாரம் முடிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து நேராகப் போனேன். ஹாலில் பெரியம்மா, "ஒண்ணும் நடக்கலதான்" என்று மனசே இல்லாமல் சொன்னார். சமையலறையில் அத்தை வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தார். வேலை செய்யும்போது புடவையைக் கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகுகிறவர், அன்று தரையைப் பெருக்குவதுபோல் இறக்கிக் கட்டியிருந்தார். அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையில் மேடையைப் பிடித்துக்கொண்டே போனார். உடம்பின் பாரம் முழுவதும் ஒற்றைக் காலில்.

"அத்தை, காலைக் காட்டுங்க."

"வந்ததும் வராததுமா என் காலு என்னத்துக்கு? வடையைத் திருப்பு, ஜல்தி."

நான் தரையில் உட்கார்ந்து புடவையை விலக்கினேன். கணுக்கால் வீங்கியிருந்தது. ரத்தம் கட்டிய நீலம் கலைந்து, பச்சையும் மஞ்சளுமாகப் பாதம்வரை இறங்கியிருந்தது. அடிபட்டு நாலைந்து நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

"எப்பம் விழுந்தீங்க?"

அத்தை ஹால் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இன்னிக்குக் காலைல. பாத்ரூம்ல. வாரம் முடிஞ்சப்புறம்தான்."

சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. பல்லிக்குப் பயப்படுகிற மனுஷி. கல்லுக்கு வினை உண்டு என்று முழுசாக நம்புகிறவர். அந்தக் கல்லையே தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அந்தக் காலோடு பெரியம்மாவின் எதிரில் நொண்டாமல் நடந்திருக்கிறார். எனக்காக.

அதற்குள் பெரியம்மா சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டார். "என்னடி காலுக்கு? எப்ப ஆச்சு?"

அத்தை வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "இன்னிக்குக் காலைலதான் பெரியம்மா. வீக்கம் புதுசு."

"நல்லாத் தெரியுமா?"

"நான் நர்ஸு பெரியம்மா."

அவர் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்பச் சரி, ஐஸ் வை" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையின் மாவுக் கை என் தோளில் அழுந்தியது. எடுக்க அவருக்கு நேரமாயிற்று.

கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றுவரை அந்தக் காலைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் என் விரலைப் பார்த்துக் கல் நன்றாக இருக்கிறதே என்றால் மட்டும் அத்தை உற்சாகமாகிவிடுவார். "அப்பழுக்கில்லாத கல்லு. ஒரு வாரம் வீட்ல வெச்சுப் பாத்துத்தான் வாங்கினோம். வீட்ல ஒரு துரும்பு அசையணுமே!" என்பார். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டுவேன்.