ஆயுத பூஜையும் என் துருப்பிடித்த காரும்

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஸ்ரீசிட்டியில் வேலை, புத்தூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதிக்குப் போய், அலிபிரி பக்கம் ஒரு நண்பர் வீட்டு மாடியில், என்னைப் போலவே தலை நரைத்த மூன்று பேரோடு மேஜைமேல் கார் பந்தயம் விடுகிறேன். அலுவலகத்தில் இதைச் சொல்ல முடியுமா? மலைக்கு நடந்து போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பக்திமான் என்று பெயரும் வாங்கிவிட்டேன்.

உள்ளங்கையில் அடங்கும் கார்கள். பகடை உருட்டி, அளவுகோல் வைத்து நகர்த்த வேண்டும். வழியில் அடுத்தவன் வண்டியைச் சுட்டுக் கவிழ்க்கலாம். அதற்காக, கடையில் வாங்கிய காருக்கு பால்பாயிண்ட் ரீஃபிலை நறுக்கித் துப்பாக்கி வைப்போம். டீ வடிகட்டியின் வலையை வெட்டி ஜன்னலுக்கு ஒட்டுவோம். பிறகு பெயின்ட். யாருடைய பெயின்ட் நன்றாக இருக்கிறதோ, அவர் வண்டி புறப்படும் வரிசையில் முதலில் நிற்கும் என்பது விதி. இரண்டு வருடமாக நான் கடைசியில்தான் நிற்கிறேன்.

இந்த முறை விடுவதில்லை என்று மூன்று மாதம் உட்கார்ந்தேன். புத்தம்புது காரைப் பார்த்தால் பத்து வருடம் மழையில் கிடந்தது போல் இருக்க வேண்டும். ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றித் துரு வரவழைத்தேன். என் மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"துருப்புடிச்ச வண்டிதான் வோணும்னா வெளிய நம்ம ஸ்கூட்டரு நிக்கிது பாருங்க."

இது பொம்மை விளையாட்டில்லை, இதுவும் ஒரு கலை என்று நூறாவது முறையாக அவளுக்கு விளக்கினேன்.

ஆயுத பூஜையன்று குளித்துவிட்டு வந்து பார்த்தால், என் காரின் பானட்டில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பல் குத்தும் குச்சியின் நுனியால் அளவு பார்த்து வைத்திருந்தாள். துப்பாக்கிக்குத் தனியாக ஒரு பொட்டு. பெயின்ட்டில் கறை ஏறாமல் காக்கும் வார்னிஷை நான் இன்னும் அடிக்கவில்லை.

"இன்னா பண்ணி வெச்சிக்கிறே!"

"வண்டியும்தான், ஆயுதமும்தான். இன்னிக்கி வெக்காம வேற என்னிக்கி வெக்கறது?"

"பொம்மைக்குப் போயி எவளாவது பொட்டு வெப்பாளா?" என்று கத்தினேன்.

"பொம்மையா? சரி, தெரியாம செஞ்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டருக்குப் பொட்டு வைக்கப் போனாள். அதை வண்டி என்று மதித்த ஒரே ஆள் அவள். பொம்மை என்று சொன்னது நான். கோபத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. ஈரத்துணியால் துடைத்தேன், குங்குமக் கறை போகவில்லை. ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். கறையோடு சேர்ந்து பெயின்ட்டும் போய், பானட்டில் வெறும் உலோகம் பல்லிளித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் மற்ற மூன்று கார்களையும் பார்த்தேன். மூன்றிலும் பொட்டு. சாமியே இல்லை என்று வாதம் செய்கிற கல்லூரி வாத்தியார், சக்கரத்தில் நசுக்குவதற்கு நாலு எலுமிச்சை விதை வேறு வைத்தாராம்.

"ஏமய்யா, உங்க வூட்ல பூஜை போடலியா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் என் காரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "பானட்டுல பெயின்ட் உரிஞ்சிக்கிறது அசல் மாதிரியே கீது. எப்பிடிப்பா பண்ணே?"

"பொறுமை வேணும்" என்றேன்.

மூவரும் எனக்கே கை தூக்கினார்கள். என் கார் முதலில் நின்றது. மூன்றாவது திருப்பத்தில் வாத்தியார் என்னைச் சுட்டுக் கவிழ்த்தார், அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள், "இன்னா ஆச்சு உங்க வண்டி?"

"பெயின்ட்டுல நாந்தான் ஃபர்ஸ்ட்டு."

அவள் முகம் மலர்ந்தது. "நல்ல வேளை, அழிச்சிட்டீங்க. நான் வெச்சதுதான் தப்பு" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள். மற்ற மூன்று வண்டிகளிலும் பொட்டு இருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.