கிறகரி சொன்ன பதில்

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம், பள்ளிமுனைக் கரையில் தோணியை இழுத்துக்கொண்டிருந்த கிறகரி மணலில் சரிந்தான். வயது நாற்பத்தாறு. பாரிசவாதம் அவனுடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. பேச்சு திரும்புவது கடவுள் சித்தம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விட்டார்கள்.

மனைவி பெற்றிசியா கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கே நோகுது, பசிக்குதோ, என்னைத் தெரியுதோ. மூன்று மாதம் ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒரு பின்னேரம் அவனைத் துடைத்துவிடும்போது, கலியாணமான புதிதில் இருவரும் ஏழு தரம் பார்த்த படத்தின் வசனம் அவள் வாயில் வந்தது. சண்டை பிடித்தால் அதைச் சொல்லித்தான் சமாதானமாவார்கள்.

“என்னைத் தனியே விட்டுப் போய்விடுவீர்களா?”

“கடல் வற்றினாலும் உன் கையை விடமாட்டேன்” என்றான் கிறகரி. குழறல் இல்லை. கதாநாயகனின் ஏற்ற இறக்கம்கூட அப்படியே இருந்தது.

எங்கே நோகுது என்று உடனே கேட்டாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வசனத்தைத் திரும்பச் சொன்னாள், அதே பதில். அது தனக்கென்றே வந்த பதில் என்று நம்பி ஒரு கிழமை உயிரைப் பிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தமக்கை மார்த்தா வந்து கட்டிலருகே செபமாலை தொடங்கினாள். மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதியை அவள் முடிக்க, பின்பாதியைக் கிறகரி ஒரு சொல் பிசகாமல் சொன்னான். மாதா செய்த புதுமை என்று மார்த்தா அழுதாள். பெற்றிசியா குசினி அடுப்படிக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். யார் முன்பாதியைச் சொன்னாலும் வருகிற பின்பாதிதானா தனக்குக் கிடைத்ததும்?

பிறகு அவளே ஒரு வசனம் உண்டாக்கினாள். ஒவ்வொரு வேளையும், “இஞ்சேருங்கோ, கஞ்சி குடிக்கிறீங்களோ?” என்று கேட்பாள். “ஓம், தா” என்று அவன் குரலில் அவளே சொல்வாள். பைத்தியம் பிடித்துவிட்டதென்று அயலில் கதைத்தார்கள். கரையில் விழுந்த ஐந்தாம் மாதம் அவன் சொன்னான்: “ஓம், தா.”

ஆனால் வயிறு நிறைந்திருந்தாலும் அதுதான் பதில். வேண்டாம் என்று சொல்லப் பழக்கிப் பார்த்தாள், ஏறவில்லை.

தவக்காலத்தில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. வழக்கம்போலக் கஞ்சி குடிக்கிறீங்களோ என்று கேட்டாள். “ஓம், தா” என்றான். கரண்டியைக் கொண்டுபோனபோது உதட்டை இறுக்கிக்கொண்டு, இடக்கையால் அவள் மணிக்கட்டை மெல்லத் தள்ளினான். கண் அவளையே பார்த்தது. அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் கடைசிச் செபத்துக்குச் சுவாமியாருக்குச் சொல்லியனுப்பினாள்.

மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான். கடைசியில் தம்பி என்ன சொன்னவன் என்று செத்த வீட்டில் மார்த்தா கேட்டாள்.

“வேண்டாமெண்டு சொன்னவர் மச்சாள்” என்றாள் பெற்றிசியா. “எனக்குத்தான் சொன்னவர்.”