சுவர் மாறும் நாள்

பேருந்துப் பணிமனைக்குப் பின்புறத் தெருவில், பெயின்ட் கடையொன்றின் மாடியில் இயங்கும் இளைஞர் மன்றத்தை நடத்துபவரை எல்லோரும் 'அக்கா' என்றே அழைப்பர். நாற்பதைக் கடந்தவர், பேச்சில் கறார், சிரிப்பில் தாராளம். மன்றத்துக்கு வருமுன் அவர் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தார். மருத்துவர் நல்ல மனிதர்தாம். ஆனால், தம்மையும் உதவியாளர் பயிற்சிக்கு அனுப்புமாறு இவர் கேட்ட போதெல்லாம், "நீ இல்லன்னா இந்த இடமே ஓடாதும்மா" என்று சொல்லிவிடுவார். தொடக்கத்தில் அதைப் பாராட்டு என்றெண்ணி இவர் பூரித்துப் போனார். அது கதவைச் சாத்தும் ஓசை என்று விளங்க ஆண்டுகள் பிடித்தன. இவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பயிற்சி முடித்து வெள்ளை அங்கியோடு உள்ளறைக்குப் போக, அவர்களுக்கும் தொலைபேசி இணைப்புக் கொடுத்துக்கொண்டு இவர் அதே மேசையிலேயே இருந்தார்.

ஆகவே, மன்றப் பொறுப்பு கைக்கு வந்ததும் அவர் முதலில் வகுத்தது நான்கு சுவர் ஏற்பாடு. கூடத்தின் இடப்புறச் சுவர் கற்போருக்கு. கணினி, தையல், மேடைப்பேச்சு என எதைப் படிக்க வந்தவரும் அங்கே தொடங்கலாம். எதிர்ச்சுவர் உதவுவோருக்கு, சிறுவர்களுக்கு மாலைப் பாடம் சொல்வதும் இரத்ததான முகாமில் ஓடியாடுவதும் அவர்கள் பணி. மூன்றாவது, ஒரு வகுப்பையோ முகாமையோ தாமே திட்டமிட்டு நடத்துவோருக்கு. சன்னல் உள்ள நான்காவது சுவர் தீர்மானிப்போருக்கு. மன்றம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் குழுவே முடிவு செய்யும், நகராட்சிக் கூட்டத்திலும் போய்ப் பேசும். சில மாதங்களுக்கு ஒருமுறை 'சுவர் மாறும் நாள்' வரும். அன்று அவரவர் விரும்பும் சுவரருகே போய் நிற்க வேண்டும். நின்றால் அந்தப் பொறுப்பு அவருடையது. யாரும் யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

"வாய் வரலன்னா கால் பேசட்டும்" என்று புதிதாக வருவோரிடம் அக்கா சொல்வார். கேட்கத் தெரியாதவர் ஒருவர்கூட விடுபடக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம்.

விடுபட்டது ஒருத்திதான். பணிமனை மெக்கானிக்கின் மகள் அவள். கணினி படிக்க வந்தவள். வீடு பக்கம் என்பதால் கூடத்தின் சாவி அவளிடம் போயிற்று. அதனாலேயே 'சாவி' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. கதவைத் திறப்பது, நாற்காலி போடுவது, ஒலிபெருக்கி கட்டுவது, தேநீருக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் அவள் கைவேலை ஆயின. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். அப்படி நிற்பவள் எந்தச் சுவரருகே நிற்கிறாள் என்பதை மட்டும் அக்கா கவனிக்கவில்லை.

கவனித்தவர் அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுநரான அவர், மனைவி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க ஒரு நாள் மாடியேறி வந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உங்க ஹால்ல ரெண்டு பேருக்குத்தான் பிரமோஷனே கிடையாது போல. ஒண்ணு அந்தக் கடகடா ஃபேன். இன்னொண்ணு இந்தப் பொண்ணு."

"ஆமா, பெரிய கண்டுபிடிப்பு. கிளம்புங்க, உங்க வண்டி போயிடப் போகுது" என்று அக்கா சிரித்தார். சாவியும் சிரித்தாள்.

அடுத்த சுவர் மாறும் நாளன்று காலையில், நாற்காலிகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்த சாவி மெல்லச் சொன்னாள்: "அக்கா, இந்தத் தடவை நான் ஜன்னல் பக்கம் நிக்கலாம்னு இருக்கேன்."

"நீயா? என்ன திடீர்னு?"

"கடையில வேலை பாக்கற பொண்ணுங்களால சாயங்கால கிளாஸுக்கு வர முடியலக்கா. கடை திறக்கறதுக்கு முன்னாடி, காலையில ஒரு கிளாஸ் வச்சா வருவாங்க. அதைக் குழுவுல சொல்லணும்."

"தாராளமா நில்லு. அதுக்கு முன்னாடி ஒரு எட்டு கீழ போயி, மைக் செட்டு ஏன் இன்னும் வரலன்னு பாத்துட்டு வந்துடு."

அவள் போனாள். மைக் செட்டுக் கடைக்காரர் தவறுதலாக வேறு ஒலிபெருக்கியை அனுப்பிவைத்திருந்தார். அதை மாற்றிக்கொண்டு அவள் படியேறி வந்தபோது எல்லோரும் நின்று முடித்து, கைதட்டல்கூட ஓய்ந்திருந்தது. மூச்சிரைக்க வாசலில் நின்றவளிடம் அக்கா சொன்னார்: "அடடா. சரி விடு, அடுத்த தடவை நின்னுக்கலாம். நீ இல்லன்னா இந்த இடமே ஓடாதும்மா."

அந்த வாக்கியம் யாருடையது என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

"சரிக்கா" என்று சாவி ஒலிபெருக்கியைப் பொருத்தத் தொடங்கினாள்.

அடுத்த முறை வந்தது. சாவி வேறெந்த வேலையையும் ஏற்காமல் நேரே சன்னல் சுவரருகே போய் நின்றாள். குழுவில் 'வக்கீல்' என்று பட்டப்பெயர் பெற்ற இளைஞன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சாவி, போன மாசம் உனக்கு இருபத்தஞ்சு முடிஞ்சிடுச்சில்ல? கேக்கெல்லாம் வெட்டினோமே."

இருபத்தைந்து நிறைந்தவர் குழுவில் சேர முடியாது என்பது விதி. இளையவர்களுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று அதை எழுதியவரே அக்காதான்.

"ஒரு தடவை விட்டுக்குடுங்கப்பா" என்றார் அக்கா.

"போன வருஷம் ஒருத்தனை இதே ரூலைச் சொல்லித்தானே அனுப்பினோம். ரூலு நீங்க போட்டதுதானேக்கா" என்றான் வக்கீல்.

சாவி சுவரிலிருந்து விலகி, "பரவாயில்ல, கூட்டத்தை ஆரம்பிங்க" என்றாள். அன்றும் கூடத்தைப் பூட்டியவள் அவள்தான். மறுவாரம் அவளுடைய அப்பா கிரீஸ் கறை படிந்த கையோடு வந்து கூடத்துச் சாவியை மேசையில் வைத்தார். "பாப்பா குடுக்கச் சொல்லுச்சு. கண்ணாடிக் கடையில வேலை கெடச்சிருக்கு." அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது கூடத்துச் சாவி வாரம் ஒருவரிடம் இருக்கிறது. சுவர் மாறும் நாளன்று ஒலிபெருக்கிக்கும் தேநீருக்கும் அக்காவே படியிறங்குகிறார். மற்ற எல்லோரும் கூடத்துக்குள் வந்து சேரும்வரை யாரும் நிற்கத் தொடங்குவதில்லை. காலை வகுப்பும் தொடங்கிவிட்டது. அக்கா எடுத்துச் சொல்ல, குழுவில் அதை முன்மொழிந்தவன் வக்கீல். பத்திரிகையில் அவன் படமே வந்தது.

சென்ற மாதம் படிக்கும் கண்ணாடி வாங்க அக்கா அந்தக் கடைக்குப் போனார். வேறு கடைகள் இருந்தும் அங்கேயே போனார். சாவி எதிரே அமர்ந்து கண்ணாடிச் சட்டத்தை அவர் காதில் பொருத்தினாள்.

"எழுத்து தெரியுதாக்கா?"

"தெரியுது. காலையில கிளாஸ் நடக்குது. உன் யோசனைதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பொண்ணுங்க வர்றாங்களா?"

"இடம் பத்தல."

"அது போதும்க்கா."

"நீயே வந்து ஒரு கிளாஸ் எடேன். நடத்தறதுக்கு வயசு வரம்பு இல்ல."

சாவி துணியால் இன்னொரு கண்ணாடியைத் துடைத்தாள். "கடையை நான்தான் திறக்கணும். நான் இல்லன்னா இந்த இடமே ஓடாதுன்னு முதலாளி சொல்றாரு" என்று சிரித்தாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பேச்சை நம்பாதே என்று அக்கா சொல்லத்தான் வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது? கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காதுல அழுத்துதாக்கா? குடுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று சாவி கை நீட்டினாள்.